கும்மித் தாளத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

கல்லூரி முதல்வர் "சரி, நடத்துங்க" என்று சொன்னதும் நான் நன்றி சொன்னேனா என்பதே நினைவில்லை. மாடிப்படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. கீழே சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்த ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தே கத்திவிட்டார்கள்.

அப்போது நான் சிவகாசியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. மதிய இடைவேளையில் காலி வகுப்பறை ஒன்றில் கூடி, ஒரு பாட்டு, ஒரு பைபிள் வசனம், பத்து நிமிட ஜெபம் என்று முடித்துக்கொள்ளும் சின்னக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் எங்களுடையது. ஏழே பேர். எங்களுக்குக் கல்லூரி அரங்கிலேயே கிறிஸ்துமஸ் விழா நடத்த அனுமதி! யாரையும் கட்டாயப்படுத்திக் கூட்டி வரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். எங்களுக்குக் கீபோர்டு வாசிக்கும் மூன்றாம் ஆண்டு அண்ணனுக்கு விழா நாளன்றே கோயம்புத்தூரில் வேலைக்கான நேர்காணல். வாத்தியம் இல்லாமல் பாடிப் பார்த்தோம். துக்க வீட்டில் பாடுவது போலிருந்தது.

வகுப்பில் பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்காருபவள் பக்கத்து ஊரான தாயில்பட்டிக்காரி. அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஊர்ப் பொங்கலில் முளைப்பாரிக் கும்மிக்கு டோலக் அடிப்பது அவள்தான் என்று தெரியும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒங்க ஜெபமெல்லாம் எனக்குத் தெரியாது. பாட்டுன்னா வாரேன்," என்றாள்.

மறுநாளே டோலக்கோடு வந்தாள். இரண்டு வரி கேட்டதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "பிள்ள பொறந்திருக்குன்னுதான பாட்டு? அதுக்கு ஏன் இம்புட்டு மெதுவாப் பாடுறீக?" என்று சொல்லித் தட்டத் தொடங்கினாள். அதே பாட்டு கும்மியில் துள்ளி ஓடியது. எங்கள் யாருடைய காலும் சும்மா நிற்கவில்லை.

நான்காம் நாள் ஒத்திகையில், பாட்டு வரிகளைத் தேடி அவள் என் நோட்டைப் புரட்டினாள். 'இரட்சிக்கப்பட வேண்டியவர்கள்' என்று, இயேசுவிடம் வர வேண்டுமென்று நான் ஜெபிக்கும் பெயர்களை அதில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் எழுதியது. முதல் பெயர் அவளுடையது.

"இது என்னது?"

"உனக்காக ஜெபம் பண்றேன்."

"நான் ஒனக்குக் கூட்டாளியா, இல்ல லிஸ்ட்டுல ஒரு பேரா? இதுக்குத்தான் தினமும் எனக்கு எடம் பிடிச்சு வச்சியா?"

டோலக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு அந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தேன். அவளோடு பழகியதும் நிஜம், அவளுக்காக ஜெபித்ததும் நிஜம். ஆனால் இதை அவளிடமிருந்து மறைத்திருந்தேன். காலையில் அவள் வரும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் போய் நின்றேன். ஆச்சரியம், டோலக்கோடுதான் இறங்கினாள். அவள் பேசும் முன் நான் கொட்டிவிட்டேன்.

"நான் நம்புறத நீயும் நம்பணும்னு எனக்கு ஆசதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்கிட்டச் சொல்லாம எழுதுனது தப்பு. நீ வாசிக்க வராட்டியும் ஒனக்கு எடம் பிடிச்சு வைப்பேன்."

"நான் இருக்கன்குடி மாரியாத்தாளத்தான் கும்பிடுவேன். அது மாறாது."

"சரி."

டோலக்கை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். பிறகு, "எங்கம்மா வேலைக்குப் போயிட்டுப் பத்திரமாத் திரும்பணும்னு ஒஞ்சாமிகிட்டயும் கேளு. அத வேணா எழுதிக்கோ," என்றாள். நடுரோட்டில் அவளைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டோலக் இடித்தது.

விழா அன்று ஐம்பது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தோம். அரங்கு நிறைந்து வாசலிலும் நின்றார்கள். லீவு போட்டுவிட்டு அவள் அம்மாவும் வந்திருந்தார். முதல் பாட்டிலேயே கைதட்டல். மூன்றாவது பாட்டில் அந்த அம்மா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கும்மி தட்டினார். ஹாஸ்டல் பிள்ளைகள் ஓடிப் போய்ச் சேர்ந்தார்கள். நாற்காலிகளை ஒதுக்கி வட்டம் போட்டார்கள். எங்கள் வணிகவியல் மேடம்கூட உள்ளே நுழைந்துவிட்டார்!

அதன்பின் நான் பேச வேண்டும். எழுதி வைத்த தாளை மடித்துவிட்டு, இயேசுவின் பிறப்பு எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் தருகிறது என்பதை மட்டும் ஐந்து நிமிடம் சொன்னேன். இறங்கியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பேசுன தாயி. ஆனா பாட்டுதான் இன்னும் நல்லாருந்துச்சு."

மறுநாள் மதியம் நாங்கள் ஜெபத்துக்குக் கூடியபோது, வாசலில் முதலாமாண்டுப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். "அக்கா, நாங்களும் உக்காரலாமா?" உட்கார இடம் போதவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு இழுத்தோம். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைப் பிடித்தவள் தாயில்பட்டிக்காரி. பெஞ்சைப் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கு, நீங்க பாடுங்க," என்று டிபன் பாக்ஸோடு போய்விட்டாள். நாங்கள் பாடிய சத்தத்தில் எதிர் அறைப் பேராசிரியர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.