அண்ணன் வீட்டுக்கு விசா

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் எங்களுக்கு ஊரிலுள்ள எல்லோருடைய பிறந்தநாளும் தெரியும். அவற்றில் எது உண்மை என்பது மட்டும் தெரியாது. வரிசையில் நின்று கால் மரத்துப்போன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீளக் கை

திண்டுக்கல்லில் பெண் எடுத்து, இங்கேயே பூட்டுக்கடை போட்டவர் சூசை அண்ணன். எண்பது வயது. பிறந்தது காரைக்கால். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவருடைய அப்பா போட்டார். பதினெட்டு நிறையாத பிள்ளைகள் அப்பாவோடு சேர்த்தி. நிறைந்தவர்கள் தாங்களே போட வேண்டும்.

சூசைக்கு அப்போது பதினேழு. சான்றிதழிலோ பதினெட்டு. அந்தக் காலத்தில் தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். இவருக்கு நாலு வயதிலேயே நீளக் கை. வாத்தியார் ஐந்து என்று எழுதினார். பிறப்பைப் பதிய மறந்திருந்த அப்பாவும் பிறகு அதையே பதிந்துவிட்டார். அப்பாவோடு சேர்த்தி என்று நினைத்துத் தனியாகக் கையெழுத்துப் போடாத சூசை, காகிதத்தில் இந்தியராகிவிட்டார்.

"காதைத் தொட்டேன் டீச்சர், நாடு போச்சு!" என்பார், ஓய்வு பெற்ற ஆசிரியையான என்னிடம்.

டூரிஸ்ட்

அன்று தானே கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் குடிமகனான அவருடைய அண்ணன் பாரிஸில் படுக்கையில் விழுந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு நீங்கள் போட்ட வழக்கு முடிகிறவரை காத்திருக்க முடியாது, இந்திய பாஸ்போர்ட்டிலேயே விசா வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "கூடப்பிறந்தவனைப் பாக்க நான் என்ன டூரிஸ்ட்டா?" என்று எழுந்துவிட்டார்.

அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. எனக்கு அப்படிச் சண்டை போட ஆளில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு கண்ணை மூடுனப்புறம் பிரெஞ்சுக்காரனாப் போயி ஒப்பாரி வைக்கப் போறீகளா? உக்காருங்க, டீச்சர் எழுதட்டும்" என்றார் அக்கா.

கவுண்டர்

விசா அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன். கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே, "தாத்தா, கண்டிப்பா திரும்பி வந்துருவீங்கல்ல?" என்றாள். சூசை அண்ணன் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"வராட்டி அங்கேயே வச்சுக்கிறச் சொல்லு தாயி."

பாரிஸிலிருந்து

விசா கிடைத்தது. போய் இறங்கிய அன்றே, இங்கே நடுராத்திரியில் அழைத்தார். நான் பயந்துபோனேன்.

"அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு டீச்சர். என்னையப் பாத்ததும் 'ஏண்டா, இவ்ளோ நேரமா?'ங்கிறாரு."

ஊர் கைமாற ஒரு கையெழுத்து போதும். அதற்கப்புறம் அண்ணன் தம்பி முகம் பார்க்கத்தான் இத்தனை விண்ணப்பம்.