பொங்கக் கூடாத கல்

கல்லுக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொடுப்பது எளிது. அதைக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்வதுதான் கஷ்டம். என்னைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டே பாடம் நடத்தியவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில், நிலவியல் பட்டம் வாங்கிய கையோடு, கோவையில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

கீறல்

நகத்தால் கீறு, செப்புக் காசால் கீறு, கத்தியால் கீறு. எதில் கோடு விழுகிறதோ அதை வைத்துக் கல்லின் கடினத்தைச் சொல்லலாம். மாணவர்களோ கல்லைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கீழே வைத்தார்கள். அன்னூர் செல்விதான் காரணம் சொன்னாள்:

"ஏனுங் மிஸ், நல்லா இருக்கற கல்லைக் கீறிப்போட்டு, அப்புறம் கெட்டுப்போச்சுன்னு எங்க தலைல கட்டவா?"

ஆசிட்

சுண்ணாம்பு உள்ள கல்லில் ஆசிட் சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். இதைக் காட்டிய பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. முதல்வர் அறையின் மொசைக் தரையில் சலவைக்கல் சில்லு இருக்கும் என்று நான்தான் வாய்தவறிச் சொன்னேன். மாலையில் அங்கே வட்ட வட்டமாகத் தழும்புகள். முதல்வர் என்னை அழைத்து, கோபப்படாமல் சொன்னார்:

"பாடம் நடத்துங்க அம்மணி, வேண்டாங்கல. என்ற ரூமை மட்டும் விட்டுப்போடுங்க."

பெருந்துறையிலிருந்து வந்தவர்

பெருந்துறைப் பக்கம், கண்ணாடியையே கீறும் குவார்ட்ஸ் கல்லை அரைக்கும் ஆலை ஒன்றில், கல் தரம் பிரிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. செல்விக்கு அந்த வேலை கிடைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் நூல் மில்லுக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. ஆலை மேனேஜர் ஆயுத பூஜை முடிந்து வந்தார். எங்கள் வகுப்பு அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து அவள் முன் வைத்தார்.

செல்வி அதைக் கண்ணாடியில் தேய்த்தாள். கண்ணாடியில் கோடு விழுந்தது. குவார்ட்ஸேதான். அடுத்து ஆசிட் விட்டாள். பொங்கியது! குவார்ட்ஸ் பொங்கவே பொங்காது. "என்ன கண்ணு, பொங்குதே?" என்றார் மேனேஜர். செல்வி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சட்டென்று கல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தேய்த்துக் கழுவி வந்து மறுபடி சொட்டு விட்டாள். கல் சும்மா கிடந்தது. "குவார்ட்ஸுங்க சார். பூஜைக்கு எல்லாக் கல்லுக்கும் நாந்தானுங்க பட்டை போட்டேன். பொங்குனது கடைத் திருநீறுங்க, அதுல சுண்ணாம்புப் பொடி கலந்துபோடறாங்க."

மேனேஜர் வெகுநேரம் சிரித்தார்.

"திங்கக்கிழமை வந்துரு கண்ணு. திருநீத்தை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வா."

அன்று முதல் எங்கள் பாடத்திட்டத்தில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத முதல் சோதனை ஒன்று சேர்ந்தது: கல்லைக் குளிப்பாட்டுவது.