இறுக்கம் குறைந்த கம்பி

அந்த மாரியில் என் பேஸ் கிட்டாரின் கம்பிகள் இறுகிப்போய்விட்டன. எல்லாரிடமும் நான் அப்படித்தான் சொன்னேன். கல்முனையில் எங்கள் சேர்ச்சின் பின்மண்டபத்தில் நத்தாருக்கான கரோல் பயிற்சி தொடங்கியிருந்தது. பாதிப் பாட்டிலேயே என் இடது கை களைத்துவிடும். சின்னவிரல் கம்பியை அமத்தும், ஆனால் சுரம் உயிரில்லாமல் வெளியே வரும். மழை ஈரத்துக்குக் கழுத்து மரம் வளைந்து கம்பி மேலே ஏறியிருக்கும் என்று நானே நோயைக் கண்டுபிடித்து நானே வைத்தியமும் பார்க்கத் தொடங்கினேன். கிட்டாருக்குத்தான்.

கைக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி மனைவி கனகாலமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பை ஒன்று என் இடது கையிலிருந்து தானாக நழுவி விழுந்த நாளில் தொடங்கியது அந்த நச்சரிப்பு. "ஒருக்கா கிளினிக்குக்குப் போய் சீனி பாத்துட்டு வாங்களன்" என்பாள். கைக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எரிந்து விழுவேன். சம்பந்தம் எனக்கு நன்றாகவே தெரியும்.

என் அப்பாவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, காலில்தான் தன்னைக் காட்டியது. ஒருநாள் சந்தைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒரு காயம், அதுவும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செருப்பைப் பற்றி யாரும் பகிடி விடுவதில்லை.

ஆகவே நான் கம்பியில் குற்றம் கண்டுபிடித்தேன். கணக்குப் படிப்பிக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் சோக் பிடிப்பது வலது கை என்பதால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஓய்வு நேரமெல்லாம் போனில் கம்பிகளைப் பற்றியே வாசித்தேன். எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் கீழே இறக்கி வைத்தால் இறுக்கம் குறையும், ஆனால் கீபோர்டோடு ஒத்துப்போக விரல் வைக்கும் இடமெல்லாம் மாறவேண்டும். மெல்லிய கம்பி போடலாம், அதில் பேஸுக்கு வயிறு இருக்காது, பசியில் கிடப்பவன் பாடுவது போலத்தான் கேட்கும். இன்னொரு வகை இருந்தது. தடிப்பைக் குறைக்காமல், உள்ளே ஓடும் நடுக்கம்பியை மட்டும் மெல்லிதாக, வளையக்கூடியதாகச் செய்து, மேலே தட்டையான நாடா சுற்றியது. சத்தம் தடிப்பாக வரும், விரலுக்கு இலேசு. ஆனால் அதை மெதுவாகத் தொடவேண்டும். வலது கை பலமாக இழுத்தால் கறகறக்கும், இடது கை பலமாக அமத்தினால் சுருதி ஏறிவிடும் என்று போட்டிருந்தது. இத்தனை வருசமாக வாசிக்கிறவனுக்குத் தொடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

சாய்ந்தமருதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கூட்டாளி ஒருவன் எனக்கு இருக்கிறான். பள்ளிவாசல் கூட்டம், கோயில் திருவிழா, எங்கள் கரோல், எல்லாவற்றிலும் அவனுடைய பெட்டிகள்தான் முழங்கும். சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிறவன் என்பதால் அந்தக் கம்பியை எடுத்துவரும்படி அவனிடம் சொன்னேன்.

"இரிக்கிற கம்பி நல்லாத்தானே மச்சான் இரிக்கி? என்னத்துக்குப் புதுசு?" என்றான்.

"இறுகிட்டுடா. விரல் நோகுது" என்றேன்.

நோகவில்லை. நோவு என்று ஒன்று இருந்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன்.

அவன் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். அவனுடைய உம்மாவும் சீனி வருத்தக்காரிதான். "சரி, எடுத்துட்டு வாறன். நீ ஒருக்கா டொக்டரிட்டயும் காட்டு" என்றான். எனக்கு அவன் மேலும் எரிச்சல் வந்தது. ஊரே கூடி என் கையை மோப்பம் பிடிக்கிறது என்று மனைவியிடம் சீறினேன்.

கம்பி வந்து சேர்ந்த கிழமை முழுக்க மழை. எங்கள் வீட்டிலிருந்து கடல் தூரம்தான், ஆனாலும் அதன் இரைச்சல் அறைக்குள் வந்துகொண்டே இருந்தது. சுனாமிக்குப் பிறகு, மார்கழியில் அந்தச் சத்தத்தை இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா கேட்பதில்லை. பழைய கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் கோடு கீறும் அடிமட்டத்தை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் ஒரு பிசகும் இல்லை. பார்க்காதவன் போல அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றத் தொடங்கினேன்.

போட்டு முடித்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். விரல் வைத்த இடத்தில் கம்பி பஞ்சு மாதிரி இறங்கியது. அன்று பின்னேரமே பயிற்சிக்குக் கொண்டுபோனேன். முதல் பாட்டின் நடுவில், பாடகர் குழுவை நடத்தும் ரீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஆரோ சுருதி ஏறுறீங்க" என்றார்.

பெண்பிள்ளைகளின் வரிசையைத்தான் முறைத்தார். மறுபடி தொடங்கினோம், மறுபடி நிறுத்தினார். இந்த முறை என் பக்கம் திரும்பி, "சேர், உங்கட பேஸா?" என்று தயக்கத்தோடு கேட்டார்.

"புதுக் கம்பி, இன்னும் படியல்ல" என்றேன். மிச்சப் பாட்டுகளுக்கு வாசிப்பது போலப் பாவனை பண்ணிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் கிட்டாரின் தலையில் டியூனரைக் கவ்வவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தேன். சுருதி சரியாக இருந்தால் அதில் பச்சை வெளிச்சம் வரும், ஏறினால் சிவப்பு. விரல் வைக்காமல் கம்பியைத் தட்டினேன், பச்சை. சின்னவிரலால் அமத்தித் தட்டினேன், சிவப்பு. மோதிரவிரலுக்கும் சிவப்பு. மெதுவாகத்தான் அமத்துகிறேன் என்று நினைத்தேன். இன்னும் மெதுவாக வைத்தபோது சத்தமே வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கவேண்டும். அந்த அளவு என் விரலுக்குப் பிடிபடவில்லை.

"கள்ளச் சாமானைத் தந்து ஏமாத்திட்டானுகள்" என்று கத்தினேன்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி எழும்பி வந்தாள். கிட்டாரை இதுவரை தொட்டுப் பார்க்காதவள். "இஞ்ச விடுங்க பாப்பம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். நான் தட்டினேன். பச்சை. அடுத்த இடத்தைக் காட்டினேன். பச்சை. விரலில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது, அதோடுதான் வைத்தாள். அப்படியும் பச்சை.

பழைய கம்பி இத்தனை மாதமும் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எவ்வளவு பலமாக அமத்தினாலும் இறுகிய கம்பி அசைந்து கொடுக்காது, அதனால் நான் எவ்வளவு அமத்துகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இந்த இலேசான கம்பி எதையும் மறைக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்று சிரித்த அப்பாவின் முகம் வந்து போனது.

"நான் அப்பயே சொன்னன்தானே" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன், சண்டை பிடிக்கலாம் என்று. அவள் சொல்லவில்லை. கிட்டாரை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு நேரே இருந்தாள். என் இடது கையை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள்.

"கண்ண மூடுங்க" என்றாள். "எந்த விரலத் தொடுறன் எண்டு பாக்காமச் சொல்லுங்க."

மூடினேன். மழை விட்டிருந்தது. கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது, அதற்கு அப்பால் கடல் கேட்டது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். எந்த விரலில் தொடங்குவது என்று யோசிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"ம், தொடன்" என்றேன்.

அவள் சொன்னாள்:

"தொட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்."