பின்னறைக்குப் போகும் வயர்

இது நடந்தது. சும்மா அளக்கிறேன் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது என் கூடப்பிறந்த அக்காவுக்கு. பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே, "வேற பொழப்பே இல்லையா உங்களுக்கு?" என்று சீறுகிறவள் அவள். மூக்குக்கு மேல் கோபம். அப்படிப்பட்டவள் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் சொல்றதைக் கேளு. சிரிக்காம கேளு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வழக்கு நடக்கிறது. அவரை அக்கா பேர் சொல்ல மாட்டாள், 'பெரிய மனுஷன்' என்பாள், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரே பெண் குழந்தை. ஐந்து வயசு. எங்களுக்கு அது வாண்டு. வழக்கு முடிகிற வரைக்கும் வாண்டு அப்பாவிடம் இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை தாய் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளையை வாரத்துக்கு அரை மணி நேரம், அதுவும் கண்ணாடிக்குள்! அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்றால், "தாய்க்கு அக்கறை இல்லன்னு சொல்லி இருக்கிறதையும் பிடுங்கிடுவாங்க, பார்த்துக்கோங்க" என்று வக்கீலம்மா எச்சரித்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் அக்கா அந்த வீட்டுக்குக் குடிபோனாள். இரண்டாவது மாடி, ஒரு ஹால், சமையலறை, முன்னறை, பின்னறை. செல்போன் சிக்னல் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் போன் வயரில் வருகிற நெட் வாங்கினாள். லைன்காரர் வந்து, கால் மணி நேரத்தில் ஹாலில் மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்கு வாண்டு திரையில் வந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைக் காட்டுவதற்காக வாயைத் திறந்தது... படம் அப்படியே நின்றது. வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். 'வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்று வந்தது. மறுபடி. அதே. ஆறரை வரை அதே.

"வேணும்னே பண்றான்!" என்று அக்கா செல்போனைக் கட்டிலில் எறிந்தாள். "என் நேரத்துல வேற யார்கூடயோ பேச விட்டிருக்கான், பாரு!"

அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் லைன் விட்டுப்போச்சு என்று இவள் வாயாலேயே சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு அவர் கோர்ட்டில் ஆடுவார். அதனால் அக்கா வாயைத் திறக்கவில்லை. கோபத்தையெல்லாம் நெட் கம்பெனியின் மேல் கொட்டினாள்.

லைன்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். ஸ்பீடு பார்த்தார். "சூப்பரா ஓடுதே மேடம்."

"செவ்வாய்க்கிழமை ஓடி என்ன பிரயோஜனம்? எனக்குச் சனிக்கிழமை ஓடணும்!"

"சனிக்கிழமைன்னு தனியா ஒரு லைனா இருக்கு?"

"என்கிட்ட நக்கல் வேணாம். சரி பண்ணிட்டுப் போங்க."

மனிதர் தலையைச் சொறிந்தார். ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்த மோடத்தைத் தள்ளி வைத்தார். வயர் முனையைப் புதிதாக மாட்டினார். அவர் படியிறங்குவதற்குள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செல்போனுக்குச் செய்தி வந்துவிட்டது. அக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தச் செய்தியை அனுப்பியவர் எதிரே இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டாவது சனிக்கிழமை. வாண்டு திரையில் வந்ததுமே குதித்தது.

"அம்மா, போன வாரம் பாடினியே, அதைப் பாடு!"

"நானா? நான் எங்கடி பாடினேன்?"

அக்கா பாடினால் தெரு நாய்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். தாலாட்டே பாடாமல் பிள்ளை வளர்த்தவள். வாண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது. படம் நின்றது. வட்டம் சுற்றியது. வேறொரு அழைப்பில் இருக்கிறார்.

அன்றைக்கு அக்கா மோடத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. இவள் பக்கம் நெட் பேருக்குத்தான் இருந்தது. ஆனால் யாரோ நிறையப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி அது துடித்தது. ஆறரை ஆனதும் நிதானமாயிற்று. அடுத்த நிமிஷமே ஸ்பீடு திரும்பிவிட்டது.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. பெரிய மனுஷன் ஏன் சும்மா இருக்கிறார்? இரண்டு வாரம் கால் பாதியில் நின்றிருக்கிறது. இந்நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை இல்லை. சும்மா இருக்கிற ஜென்மமே இல்லையே அது.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. மழை கட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. அக்கா ஃபிரிட்ஜை நிறுத்தினாள். டிவி பிளக்கைப் பிடுங்கினாள். வீட்டில் ஒரு பொருள் ஓடக்கூடாது. நெட் முழுக்க என் பிள்ளைக்கு என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆறு மணி. வாண்டு வந்தது. "அம்மா" என்றது.

படம் நின்றது.

அவ்வளவுதான். அக்காவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து போய் மோடத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். "எரியறியா? இப்ப எரி!"

விளக்குகள் அணைந்தன. ஒன்றைத் தவிர. அந்தப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

பிளக் அவள் கையில் இருந்தது.

டிக்... டிக்... டிக்...

மேலே பார்த்தாள். கூரை ஓரமாக ஓடுகிற போன் வயர், அதைப் பிடித்திருந்த கிளிப்புகளுக்குள் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வாசல் பக்கத்திலிருந்து மோடத்துக்கு இறங்குகிற வயர் இல்லை அது. இன்னொன்று. நடுவில் ஒரு சின்னப் பெட்டியில் பிரிந்து, கதவுக்கு மேலே துளை வழியாக, பின்னறைக்குள் போயிற்று. இத்தனை நாளில் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

பின்னறையில் பெட்டிகளையும் பீரோவையும் போட்டு வைத்திருந்தாள். விளக்கு போட்டாள். வயர் பீரோவுக்குப் பின்னால் இறங்கியது. தோளைக் கொடுத்துப் பீரோவைத் தள்ளினாள். கிரீச்ச்... என்று நகர்ந்தது. சுவரில், இடுப்பு உயரத்தில், மஞ்சள் பாரித்த பழைய போன் சாக்கெட். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. காலி.

அதிலிருந்து சத்தம் வந்தது.

அக்கா குனிந்து காதை வைத்தாள்.

குழந்தை சிரிக்கிற சத்தம். பல் விழுந்த வாயில் காற்று புகுந்து வருமே, அந்தச் சிரிப்பு. அக்கா கையில் செல்போன் இருந்தது. திரையில் வாண்டு வாய் மூடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

சுவருக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை... இன்னொரு தடவை பாடுங்க..."

பாட்டு ஆரம்பித்தது. பெண் குரல். வயசான குரல். நல்ல குரல்.

சட்டென்று நின்றது.

"இரு கண்ணு..." என்றது அந்தக் குரல். "யாரோ ஒட்டுக் கேக்கறாங்க."

வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அக்காவுக்குப் பயம் வந்தது, இல்லை என்று அவளே சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வாரம் அரை மணி நேரம். அதையும் ஒருத்தி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாள். சமையலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"அவ என் பொண்ணு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "என் பொண்ணுடி!"

வெட்டினாள்.

அமைதி.

ஹாலில் மோடம் இருட்டாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே லைன்காரரை இழுத்து வந்தாள். அவர் வயரைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது கிளை லைன் மேடம். முன்னாடி இருந்தவங்களுக்குப் போட்டது. நான் புதுசா வயர் இழுக்கல, இருக்கிற ஜாயிண்டுலயே குடுத்துட்டேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். இது சும்மா தொங்கினாலே ஸ்பீடை இழுத்துடும். என் தப்புதான்."

"சும்மா தொங்குச்சா? அதுல பேச்சு வந்துச்சுய்யா!"

அவர் சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே கம்பி முனைகள் பச்சைக் களிம்பு பிடித்து, திருகிலிருந்து எப்போதோ அறுந்து விழுந்திருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கிளை வயர் முழுவதையும் கிளிப்போடு பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்பீடு இரண்டு மடங்காயிற்று.

அன்றைக்கே ஹவுஸ் ஓனரைப் பிடித்தாள். "முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"நல்லவங்கம்மா. ரொம்ப அமைதியானவங்க."

"அவங்க எங்க இப்ப?"

மனிதர் மென்று விழுங்கினார். அக்கா விடவில்லை. உலுக்கி உலுக்கிக் கேட்ட பிறகு சொன்னார். தனியாக இருந்த அம்மா. பாட்டு டீச்சர். மகள் வெளிநாட்டில். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மகளும் பேத்தியும் போனில் வருவார்கள். பின்னறையில் அந்த சாக்கெட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேத்திக்குப் பாடிக் காட்டுவார். ஒரு தடவை லைன் செத்துப்போயிற்று. புகார் மேல் புகார் கொடுத்தார். தீர்ந்தது, தீர்ந்தது என்றுதான் கம்பெனியில் சொன்னார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. மூன்று வாரம் அந்த அம்மா ஆறு மணிக்குப் போய் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது வாரம் எழுந்திருக்கவில்லை. கதவை உடைத்துப் போனபோதும் ரிசீவர் காதோடுதான் இருந்ததாம்.

"இதைச் சொல்லாம வீட்டை விட்டீங்களே, மனுஷங்களா நீங்க?" என்று கத்திவிட்டு வந்தாள். வந்தவளுக்கு அந்த அம்மாவை நினைத்து அழுகை வந்தது. அந்தக் கம்பெனியை நினைத்து வயிறு எரிந்தது. ஆனாலும் வயரை வெட்டியது சரிதான் என்று தோன்றியது. இனி சனிக்கிழமை அவளுடையது.

நான்காவது சனிக்கிழமை. ஆறு மணி. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. வாண்டுவின் புதுப் பல் முளைக்கிற இடம்கூடத் தெரிந்தது.

"என் தங்கமே! பார்த்தியா, லைனைச் சரி பண்ணிட்டேன்!"

வாண்டு குனிந்துகொண்டு பொம்மையின் முடியை இழுத்தது.

"நீ வேணாம்."

"என்னடி சொல்றே?"

"படம் நின்னதும் பாட்டு மட்டும் வரும்ல. அந்த அம்மா வேணும்."

அக்கா திரைக்கு நெருங்கிக் குனிந்தாள். "அவங்க... அவங்க இனிமே வரமாட்டாங்க கண்ணு."

"வருவாங்க." வாண்டு நிமிர்ந்து பார்த்தது. "நீ வெட்டினப்போ அழுதாங்க. அப்புறம், பரவாயில்ல, உங்க வீட்டுக்கே வந்துடறேன்னு சொன்னாங்க."

குழந்தைக்குப் பின்னால், எங்கோ உள்ளறையிலிருந்து, பெரிய மனுஷனின் கத்தல் கேட்டது.

"இந்த வீட்டு நெட்டுக்கு என்ன எழவு வந்துச்சு? ஒரு வாரமா சுத்திட்டே இருக்கு!"

படம் நின்றது.

அக்கா மோடத்தைப் பார்த்தாள். எல்லா விளக்கும் நிதானமாக எரிந்தன. இவள் பக்கம் ஸ்பீடு முழுசாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ராத்திரி முழுக்க இருவரும் தூங்கவில்லை. திங்கட்கிழமை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே வக்கீலம்மா கூப்பிட்டார். அவர் குரலில் எரிச்சல்.

"ஏம்மா, கேஸ் நடக்கிற நேரத்துல இப்படியா பண்ணுவீங்க? சனிக்கிழமை மட்டும்தானே கோர்ட் சொன்னது?"

"நான் சனிக்கிழமை மட்டும்தானே மேடம் பேசறேன்?"

"அவங்க தரப்புல மனு போட்டிருக்காங்க. ஒரு வாரமா தினமும் ஆறு மணிக்கு நீங்க கூப்பிடறீங்களாம். அவர் கதவுக்கு வெளியில நின்னு கேட்டிருக்கார். அரை மணி நேரம் பாடிட்டே இருக்கீங்களாம்."

அக்கா செல்போனை என் கையில் கொடுத்தாள். வக்கீலம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன பதில் சொல்வது? எங்கள் அக்காவுக்குப் பாடத் தெரியாது.