மில்பிடாஸில் ஓர் அரசருக்கான ஜெபம்

மில்பிடாஸில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. அமெரிக்கர்களின் ஆலயம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல் மட்டும் வாடகைக்கு இருக்கிறோம். அவர்கள் போட்டுவைத்த நாற்காலி எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

சென்ற ஆண்டு டொரன்டோவிலிருந்து ஓர் ஆன்ட்டி தன் மகனோடு வசிக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். பொது ஜெபத்தை நடத்தும் முறை அவருக்கும் வந்தது. நோயாளிகள், வேலை போனவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், அமெரிக்க ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "எங்கட அரசருக்காகவும்" என்றார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

காபி நேரத்தில் யாரோ கேட்டதற்கு நிதானமாக விளக்கினார். இங்கிலாந்தின் அரசரே கனடாவுக்கும் அரசர்; இன்னும் பல நாடுகளுக்கும் அவரே. அவர் ஆள்வதில்லை, சேவை செய்கிறார். ஆலயத்தில் அபிஷேகம் பண்ணப்பட்டு, கடவுள் முன் வாக்குக் கொடுத்தவர்.

"நான் நாடில்லாமல் கனடாவுக்கு வந்தனான். குடியுரிமை எடுக்கேக்க என்ர சத்தியத்தை முதன்முதலா ஏற்றுக்கொண்டது அவரின்ர அம்மா, அந்த மகாராணிதான். அவவுக்கு நான் ஆரெண்டே தெரியாது. எண்டாலும் நான் சொன்னது சொன்னதுதான்."

அன்றிலிருந்து ஆன்ட்டிக்கு 'மகாராணி' என்று பெயர். வைத்தவர் எங்கள் பொருளாளர்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், ஆன்ட்டிக்கு இனி ஜெப முறை வேண்டாம் என்று பேச்சை எடுத்தவரும் அவரே. ராஜா வேண்டாம் என்று சண்டை போட்ட நாடு இது, ஆலயத்துக்காரர்கள் கேள்விப்பட்டால் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றார். அவர்களுடைய போதகரையே கேட்டுவிடலாம் என்றேன். கேட்டோம். தங்கள் சபையே இங்கிலாந்துச் சபையிலிருந்து பிறந்ததுதான், ஜெபத்தில் ஓர் ஆள் கூடுவதால் என்ன குறைந்துவிடும் என்று அவர் வியந்தார்.

இனி ஆன்ட்டியின் ஜெப முறையை யாரும் பறிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பொருளாளருக்கு உடனே வேறு காரணம் கிடைத்தது.

"அத விடுங்க சார். அவங்க பேசுற தமிழே நம்ம பசங்களுக்குப் புரியல."

நம் பசங்களுக்கு எந்தத் தமிழும் புரியாது என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். ஆன்ட்டிக்காகத் தூக்கிய கை என்னுடையது மட்டுமே.

அவரிடம் பொருளாளரே சொன்னார்; எல்லோர் முன்னாலும், சிரித்த முகத்தோடு.

"இனிமே ப்ரேயரை யூத் பாத்துப்பாங்க ஆன்ட்டி. உங்களுக்கு காபி டூட்டி. ராஜாவே சேவை பண்றார்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் சிரித்தது. ஆன்ட்டி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு ஓகே அண்ணா" என்றார்.

மறு ஞாயிறு ஆன்ட்டி சமையலறையில் பால் காய்ச்சினார். ஆலயத்துக்குள் ஒரு பெண் போனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஜெபித்தாள். அவள் மூச்சுவிட நிறுத்திய இடத்தில் சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆன்ட்டி தன் ஜெபத்தைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய வரிசையில் அரசரின் இடம் இன்னும் வந்திருக்கவில்லை.

பொருளாளரின் மனைவி எழுந்து போனார்.

"ஆன்ட்டி, சவுண்ட் வருது."

கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, எங்களோடு சேர்ந்து ஆமென் சொன்னார்.