குளிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்ட டாக்டரம்மா

நாமக்கல்லில் என் மனைவியின் மூச்சிரைப்புக்கு மருந்து கொடுத்த டாக்டரம்மா ஒல்லியானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். ஸ்டெதாஸ்கோப் வைக்கும் முன் நோயாளியின் துணியை முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அந்த நாட்களில் மனைவி இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். இன்ஹேலர் இழுத்தும் இரைப்பு அடங்கவில்லை.

அன்று அவள் முந்தானையை முகர்ந்தவர், “குளிக்கத் தண்ணி எதுலங்க காய வெக்கறீங்க?” என்றார்.

“வெறகடுப்புலதானுங்க. ஈர வெறகுன்னா ரெண்டு டயர்த் துண்டு போட்டா குப்புன்னு பத்திக்குமுங்க” என்றாள் மனைவி.

“லாரிக்குப் போடறத அடுப்புக்குப் போட்டா நெஞ்சு என்னங்க பண்ணும்?” டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அடுப்ப நிறுத்துங்க. இவரு பச்சத்தண்ணில குளிக்கட்டும். இன்ஹேலரை மட்டும் உட்டுறாதீங்க.”

“பச்சத்தண்ணின்னா இவரு குளிக்கவே மாட்டாருங்களே!”

மறுநாள் முதல் குளித்தேன். சில வாரங்களில் மனைவி படுத்துத் தூங்கினாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சொல்லிக் கைகூப்பினேன்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, “பக்கத்து ஊட்டு அடுப்புல என்னங்க போடறாங்க?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்குள் நுழையாமல், நேரே பக்கத்து வீட்டுக்குத்தான் போனேன்.