யார் பிள்ளை என்று கேட்டபோது

அந்தப் பொய்யைச் சொல்ல வினோலியாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. திண்டுக்கல் மண்டியில் வெங்காய வால் நறுக்கிக்கொண்டிருந்தவளின் முன்னால் பெண் போலீஸ் வந்து நின்று செல்போனைக் காட்டினார். யாரோ எடுத்த வீடியோ. ஒன்றரை வயது பிராங்கிளினின் இடுப்பில் துப்பட்டா. அதன் மறுமுனை வெங்காய மூட்டையில்.

"யார் பிள்ளை இது?"

பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த ஜெய்தூன் பீவி, வாயைத் திறக்காதே என்று தொடையில் கிள்ளினாள்.

"தெரியாதுங்க" என்றாள் பெற்றவள்.

மூட்டையோரம் தூங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே தூக்கிப் போனார்கள். அவள் ஸ்டேஷனுக்கு ஓடிப் போய், என் பிள்ளைதான் என்று அழுதபோது பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை, குழந்தைகள் நலக் குழு அறை வாசலில் இலவச வக்கீல் கிறிஸ்துராஜ் சொன்னார்.

"கட்டிப்போட்டதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கும்மா. லாரி ரிவர்ஸ்ல வரும், அடிபடாம இருக்கக் கட்டினேன், கொடுமைப்படுத்த இல்லைன்னு வாதாடலாம். அதுக்கே மூணு வருஷம் வரைக்கும் இருக்கு. ஆனா, நீ யார் பிள்ளைன்னே தெரியாதுன்னுட்டியே. கைவிட்டதா எழுதினா ஏழு வருஷம் வரைக்கும் போகும்."

"பயந்துட்டேன் சார்."

"கட்டவே இல்லைன்னு சொல்லிரு பிள்ள. மண்டில அம்புட்டுப் பேரும் சாட்சிக்கு வாரோம்" என்றாள் ஜெய்தூன்.

"நேத்து நீ கிள்ளுனதுக்குத்தான் இங்க நிக்கிறேன். செத்த சும்மா இரு யக்கா."

உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றாள். குழுத் தலைவியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டினது யாரு?"

"நான்தாங்க. எம் பிள்ளைதாங்க."

"நேத்து தெரியாதுன்னீங்க?"

"செயில்ல போட்டுருவாங்கன்னு சொல்லிட்டேன். இப்பவும் அந்தப் பயந்தான். ஆனா அவன் ராத்திரி எங்கூட இல்லாம தூங்கிருக்க மாட்டான்."

"எவ்வளவு நீளம் விட்டுக் கட்டினீங்க?"

வினோலியா மேசையிலேயே முழம் போட்டுக் காட்டினாள். "இம்புட்டு. லாரிச் சக்கரம் அந்த ஓரத்தோட நின்னுரும். இவன் அதுக்கு ஒரு முழம் இந்தப் பக்கந்தான் வர முடியும். தினமும் அளந்துதாங்க கட்டுவேன்."

கிறிஸ்துராஜ் கண்ணை மூடிக்கொண்டார். தான் சொன்னது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைவியம்மா வெகுநேரம் எழுதினார்.

"இப்போதைக்குக் கூட்டிட்டுப் போங்க. கேஸ் கோர்ட்டுல நடக்கும். வாராவாரம் பிள்ளையக் கொண்டுவந்து காட்டணும். இன்னொரு தடவை மண்டியில பார்த்தா எங்ககிட்டதான் இருப்பான்."

யாருடையதோ ஒரு சட்டையில் பிராங்கிளின் வந்தான். வாங்கி இறுக்கிக்கொண்டாள். படியிறங்கும்போதுதான் உறைத்தது.

"நாளைக்குச் சாணார்பட்டியில இருந்து லோடு வருதே, இவன எங்க விட?"

"நாளைக்கு நான் லீவு போட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள் ஜெய்தூன். "மறுநாளு எனக்கும் மண்டி இருக்கு பிள்ள."